சராசரியை ராணுவம் கூப்பிட்ட வருடம்

ஒஸ்லோவில் தசமப் புள்ளியால் நாசமாய்ப்போன ஒரே மனிதன் எங்கள் சராசரிதான். பெற்றோர் வைத்த பெயர் நாங்கள் குடியிருக்கும் அம்மருட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அவன் பேஸ்பால் விளையாடினான். இங்கே பேஸ்பால் பார்க்க வருகிற கூட்டம் அவனுடைய அம்மாவும் யாரோ உலாத்தக் கூட்டிவந்த இரண்டு நாய்களும்தான். ஆனாலும் அவன் நட்சத்திரம். பத்துத் தடவை மட்டையோடு நின்றால் நாலு தடவை அடித்துவிட்டு ஓடுவான். அந்த விளையாட்டில் அப்படி அடிப்பவன் ராஜா. முழங்கால் சரியில்லாத நான் ஸ்கோர் எழுதுபவன். ஆட்டம் முடியுமுன்பே என்னிடம் வந்து, "இப்ப சராசரி எவ்வளவு மச்சான்?" என்பான். பெயர் அப்படி வந்தது.

பத்தொன்பது வயதில் கட்டாய ராணுவ சேவைக்குக் கடிதம் வந்தது. அவனுடைய அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆமிக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் ஆமியே?"

ஒரு வருடம் வடக்கே, பனிக்குள். கூட இருந்தவர்களைப் பனியை உருட்டி எறியச் சொல்லி, மண்வெட்டியால் அடித்துப் பழகினானாம். ஓர் உருண்டை அதிகாரியின் ஜன்னலுக்குள் போனது. அந்த வருடத்தில் அவனுடைய ஒரே நல்ல அடி அதுதான்.

திரும்பி வந்தபோது தோள் அகன்றிருந்தது, கை மந்தமாகியிருந்தது. பந்து போனபிறகு மட்டை வந்தது. பத்துக்கு இரண்டு. "அந்த வருசம் நான் இஞ்சை நிண்டிருந்தால்..." என்று ரயிலில் தொடங்கினால் நகரத்தின் மறுகோடியிலுள்ள ஹொல்ம்லியா வரைக்கும் நிறுத்தமாட்டான். ஆட்டக்காரர்களின் சராசரிப் பட்டியலில் அந்த வருடத்துக்கு நேரே 'ராணுவத்தில் இருந்தார்' என்று போடும்படி பேஸ்பால் சங்கச் செயலாளருக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதினான். விளையாடாத வருடத்துக்கு எழுத ஒன்றுமில்லை என்று ஒரே ஒரு பதில் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். இழந்ததை மீட்கிறேன் என்று இன்னும் பதினைந்து வருடம் விளையாடினான். ஒவ்வொரு வருடமும் மொத்தச் சராசரி இறங்கியது.

போன கோடையில் அவனுடைய கடைசி ஆட்டம். பத்துக்கு மூன்றுதான் நல்ல அடிகாரனுக்கு எல்லைக்கோடு; அவன் சராசரி மயிரிழையில் அதன்மேல் நின்றது.

"இண்டைக்கு இறங்காதை," என்றேன். "இப்பிடியே விட்டால் மூண்டு எண்டு நிக்கும்."

அவன் எங்கள் ஆட்களை எண்ணினான். அவனைத் தவிர எட்டுப் பேர். ஒன்பது பேர் இல்லையென்றால் ஆட்டமே இல்லை.

"எட்டுப் பேரையும் வீட்டை அனுப்பிப்போட்டு எனக்கென்னத்துக்கு மூண்டு?"

இறங்கினான். மூன்று தடவையும் அவுட். ஆட்டத்திலும் தோற்றோம். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்றாவது அவுட்டை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. தாளைப் பார்த்தான், பென்சிலை வாங்கித் தானே எழுதினான்.

எத்தனையோ பேருக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். பொய்யாக எழுத ஆசைப்பட்டது அவனுக்கு மட்டும்தான்.