புலிக்குகையில் ஆள் எடுக்கிறார்கள்

ஒரு காட்டில், ஊருக்குள் வேலை பறிபோன கழுதை ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் சோணமுத்து. சலவைக்கடை முதலாளி வாஷிங்மெஷின் வாங்கிய அன்றே அதன் கயிற்றை அவிழ்த்து, "போய்ட்டு வாடா ராசா" என்று முதுகில் தட்டினார். திரும்பி வரச் சொன்னாரே என்று மறுநாளே கடைவாசலில் போய் நின்ற ஜீவன் அது. சூதுவாது தெரியாது, பாவம்.

காட்டில் அதற்கு அத்தை மகள் இருந்தாள். ஆவணிக்குள் வேலை கிடைக்காவிட்டால் அவளை வேறு இடத்தில் கொடுத்துவிடப் போவதாக மாமன் கழுதை கறாராகச் சொல்லிவிட்டது.

யானையின் மரக்கிடங்கில், "எவ்வளவு தூரம் சுமப்பே?" என்று கேட்டார்கள்.

"பாதி தூரம்ங்க. அப்புறம் படுத்துக்குவேன்."

கரடியின் தேன்கடையில், "கோபம் வருமா?" என்று கேட்டார்கள்.

"வரும்ங்க. உதைப்பேன். குறி தப்பாது."

இப்படிச் சொன்னால் எவன் வேலை கொடுப்பான்? கிளையிலிருந்து ஒரு காக்கை தலையில் அடித்துக்கொண்டது.

"பிழைக்கத் தெரியாத பிள்ளையா இருக்கியே! புலிக்குகையில ஆள் எடுக்கறாங்க. முன் அனுபவம் வேணாம். உடனே சேரலாம். மதியச் சாப்பாடும் உண்டு."

குகைவாசலில் கால்தடங்கள் எல்லாம் உள்ளே போயிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. மேலாளர் நரி அதைப் பெருமையாகக் காட்டியது.

"இங்க சேந்தவங்க யாரும் விட்டுப் போனதே இல்ல. ஒரே குடும்பமாயிடுவோம்."

நாமென்றால் அங்கேயே திரும்பி ஓட்டம் பிடித்திருப்போம். சோணமுத்துவுக்கோ கண் கலங்கியது. என்ன நல்ல மனசு!

"எடை எவ்வளவு? நோய் நொடி உண்டா? காணாமப் போனா யாராச்சும் தேடுவாங்களா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "சம்பளம் எவ்வளவுங்க?" என்று கேட்டது கழுதை.

"அதை உள்ள போய்ப் பேசிக்கலாம். என்ன சாப்பிடுவீங்க?"

"போஸ்டருங்க. பசையோட. தேர்தல் நேரத்துல நிறையக் கெடைக்கும்."

உள்ளே இருட்டிலிருந்து புலியின் குரல் வந்தது. "எந்தக் கட்சி?"

"பாகுபாடு பாக்கறதில்லைங்க. எல்லாக் கட்சியும்."

"ஐயையோ, வேணாம்யா. அவ்வளவும் ஒரே வயித்துல சேந்தா நான் தாங்கமாட்டேன்" என்று முனகியது புலி.

"சொல்லி அனுப்பறோம்" என்றது நரி.

அடுத்து வந்தது ஒரு வெள்ளாடு. அதன் தாடியிலேயே போஸ்டர் துண்டு ஒட்டியிருந்தது. ஆனாலும், "அருகம்புல்லும் துளசியும் தவிர வேற தொடமாட்டேன்" என்று துணிந்து புளுகியது. அந்த நிமிடமே உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

சோணமுத்து விம்மி விம்மி அழுதது. "உண்மையைச் சொன்னதுக்கு இதுவா கூலி, காக்கா அண்ணே?"

"ஆடு கத்துக்கிச்சு. நீ எப்பக் கத்துக்கப்போறே?" என்றது காக்கை. அதன் அலகில் புதிதாக ஒரு கறித்துணுக்கு இருந்தது. கழுதை அதைப் பார்க்கத்தான் செய்தது. அண்ணனுக்கு எங்கோ விருந்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

ஆவணி நெருங்கியது. சோணமுத்து ஆற்றில் குளித்து, புளுகை மனப்பாடம் செய்துகொண்டு மறுபடி குகைக்குப் போனது.

"இப்ப என்ன சாப்பிடறீங்க?"

"அருகம்புல்லு... துளசி." பிறந்ததிலிருந்து சொன்ன முதல் பொய். நாக்கு குழறியது.

"உதைப்பீங்களா?"

"காலையே தூக்கமாட்டேன்ங்க."

"அட, இப்படி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தோம்! இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கே சேந்துடுங்க" என்று கைகுலுக்கியது நரி.

ஜெயித்துவிட்டோம் என்ற பூரிப்பில் கழுதை ஒருமுறை கத்திவிட்டு உள்ளே போனது. குகைக்கு மேலே காக்கை அலகைத் தீட்டிக்கொண்டது.

ஆவணியும் பிறந்தது. தாம்பூலத்தட்டோடு காத்திருந்த மாமன் கழுதை, போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டது.

"மாப்பிள்ளைக்குப் பெரிய இடத்துல வேலை. நிச்சயதார்த்தத்துக்குக்கூட லீவு குடுக்கலைன்னா பாத்துக்குங்களேன்!"

நீதி: மனம் தளராதீர்கள். உண்மை எத்தனை முறை காப்பாற்றினாலும், விடாமல் முயன்றால் வேலை கிடைத்தே தீரும்.