மெர்லினுக்கு முறை வைத்த விவரம்

பிச்சாட்டூர்,
12-6-1999

சிரஞ்சீவி மகன் ஹரிபிரசாத்துக்கு, நைனா கன்னையா மலையப்பனை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா பத்மினி, எருமை மூவரும் சுகம். நியூஜெர்சியில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமா?

நிற்க. நீ அனுப்பிய டிரினிடாட் நாட்டுப் பெண் மெர்லின் நாகையா வந்து சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதாத நீ, அவளைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாய். படித்ததும் உன் அம்மா, "பையன் கைய விட்டுப் போய்க்கினு கீறான், நீ இன்னாத்த பார்த்துக்கினு குந்தினு கீற?" என்று என்மேல் பாய்ந்தாள். மெர்லினோ பாவம், வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸில் கப்பலேறிக் கரும்பு வெட்டப் போன தன் பாட்டனின் பாட்டன் நாகையாவின் சொந்தங்களைத் தேடிப்பிடித்து, அந்தக் கதையை ஓவியமாக வரைய வந்தவள். கையில் இருந்த கப்பல் காகிதத்தில் நாகையா, பிச்சாட்டூர், கன்னத்தில் தழும்பு என்பதோடு சரி. அப்பன் பெயர் கேட்கத் துரைக்கு நேரமில்லை போலிருக்கிறது. மாட்டுச் சந்தையில்கூட இதைவிட நன்றாக விசாரிப்பார்கள்.

அந்தக் குறை எனக்கு வசதியாகப் போயிற்று. உன்னைத் திட்டினால் நீ முறைத்துக்கொள்வாய். ஆகவே அவள் காபியை வாயில் வைப்பதற்குள், உன் நாகையா எங்கள் பங்காளி, ஹரி உனக்கு அண்ணன் முறை என்று, திருமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து தேற்றிய இங்கிலீஷில் ஒரு பொய்யை அடித்துவிட்டேன். பெண் ஓவென்று அழுதுவிட்டாள். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். வீட்டுப் பெண் வந்துவிட்டாள் என்று உன் அம்மா வளையல் போட்டாள், புடவை கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி வந்து, "மூக்கப் பாரு, அப்டியே உங்க மூக்கு" என்று சாட்சி சொன்னாள். மெர்லின் என் நல்ல வேட்டியை வாங்கிச் சுவரில் ஆணியடித்து அதில் கப்பல் வரைந்தாள். கழுத்தில் எண் போட்ட தகரச் சீட்டு தொங்க ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாகையாவுக்குப் போட்டோ கிடையாதாம், முகத்துக்கு என்னை உட்கார வைத்தாள். கரும்பு வெட்டாமலே எனக்கு இடுப்பு போயிற்று. முடிந்ததும் பார்த்தால் கப்பலில் நான்! முதலில் சிரித்தேன். அப்புறம் என் கழுத்தில் தொங்கிய தகரச் சீட்டைப் பார்த்தேன். யார் பெற்ற பிள்ளை என்றுகூடக் கேட்காமல் கொண்டுபோயிருக்கிறார்களே, பாவிகள்.

எப்படியோ அவள் உனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். அந்த எண்ணத்தை விட்டுவிடு. வரதய்யபாளையத்துப் பெண் சந்தியாவின் ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. லீவு போட்டு வா.

ஏழுமலையான் உனக்கு நல்ல புத்தியும் நல்ல சாப்பாடும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
கன்னையா

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. மெர்லின் நாளை கிளம்புகிறாள் என்றதும் உன் அம்மா சோற்றைத் தொடவில்லை. "இவள மாதிரி மருமவ எங்க கெடைப்பா? முறைய மாத்துய்யா" என்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதே ஆசைதான். போய், நாகையா பங்காளி இல்லையம்மா, பத்மினி பிறந்த வீட்டுப் பங்காளி, ஹரி உனக்கு முறைப்பையன் என்றேன். அவள் சிரிக்கவே இல்லை. இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில் சொன்னாள்: "எங்க ஊட்ல இத்தினி காலமா நாகையான்னு பேரு மட்டும்தான் கீது, ஆளு இல்ல. இப்பதான் நைனா கெடைச்சாரு. மாமனாரு வேணாம்." மன்னித்துக்கொள் மகனே. உன் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சு போட அவளே டிக்கெட் எடுத்து வருகிறாளாம். சந்தியாவோ வேறு யாரோ, பெண் யார் என்பதை மட்டும் நீ சீக்கிரம் எழுது.