வால் முந்திக்கொண்ட விவரம்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணங்கி எழுதுவது. இங்கே அக்காவும் நானும் நலம். நெஞ்சில் போட்ட தையல் ஆறிவிட்டதென்று உங்கள் மகள் போனில் சொன்னாள், மிக்க மகிழ்ச்சி. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மகள் வீட்டுத் திண்ணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து மேற்கொண்டு படிக்கவும். உங்கள் விமானமும் நலம் என்று எழுத ஆசைதான். எழுத முடியவில்லை.

சாவியை என்னிடம் கொடுக்கும்போது, "வாரம் ஒருதடவை என்ஜினை மட்டும் ஓட்டி வை, மேல ஏத்தாதே" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, கை சும்மா இருக்கவில்லை, ஒரே ஒரு சுற்று என்று ஏற்றிவிட்டேன், இறங்கியதுகூட நீங்களே கைதட்டும்படிதான், பெரிய சக்கரம் இரண்டும் வால்சக்கரமும் ஒன்றாகப் புல்லைத் தொட்டன, அந்தச் சந்தோஷத்தில் திரும்பி "பாத்தியா!" என்று கத்தினேன் (யாரிடம் என்று கேட்காதீர்கள், எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்), அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டில் காற்று ஒரு தள்ளு தள்ளியது, வாலைத் திருப்பும் பெடலில் கால் இல்லை, வால் ஒரு பக்கமாக ஒதுங்கியது, நம் விமானத்துக்குத்தான் கனமெல்லாம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் ஆயிற்றே, கொஞ்சம் அசந்தால் வாலே முன்னால் வந்து தலைமை தாங்கப் பார்க்கும், பதறிப்போய் மிதிப்பதற்குள் காரியம் கைமீறி, தட்டாமாலை சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. இடது இறக்கையின் நுனி கிழிந்துவிட்டது. ஒரு சக்கரத்தின் கால் மடங்கிவிட்டது. பெடல் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த சோபா தலையணை மட்டும் பத்திரம். அது எப்படி அங்கே வந்ததென்று எனக்கே விளங்கவில்லை.

ஓடி வந்த மெக்கானிக் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஷர்ட் பட்டன் உரசிடும்னு அண்ணன் பனியனோட நின்னுதான் இதைத் துடைப்பாரு" என்றுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, "ஓட்ட வேணாம்டா, வந்து அதுல சும்மா உக்காந்துக்கிறேன்" என்றீர்கள். உட்காருவதற்குக்கூட அதை ஒழுங்காக வைத்திருக்கவில்லை நான். வெட்கமாக இருக்கிறது அத்தான். படுத்தால் தூக்கம் வரவில்லை.

தவறு முழுக்க என்னுடையது. அக்காவுக்கு இதில் எள்ளளவும் சம்பந்தமில்லை, அவள் அப்போது வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேத்திக்கு என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கோபத்தை மட்டும் அடக்கி வைக்காதீர்கள்.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
மைத்துனன்

பி.கு.: என்னங்க, இதை எழுதுறது நான். தபால்ல போடச் சொல்லி இவன் கொடுத்ததைப் பிரிச்சுப் படிச்சுட்டேன். ஆறடி ஆளுக்குத் தலையணை எதுக்குன்னு உங்களுக்கே உறைச்சிருக்கும். இறக்கினது நான்தாங்க. பின்சீட்டுலேருந்து இவன் "அக்கா, காலு, காலு!"ன்னு கத்துறான், நான் திரும்பிப் பல்லைக் காட்டிட்டு இருந்தேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து ரகசியமா இவன்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டு வர்றேன். உங்களை ஓட்டக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு, உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே. தரையில சும்மா நிக்கிற விமானத்துல உங்களை உக்கார வைக்க எனக்கு மனசு வரலைங்க. சக்கரத்தை நிமித்திடலாம்னு மெக்கானிக் சொல்றாரு. சீக்கிரம் வாங்க. இவன் கத்தினா எனக்குக் காதுல ஏறலை. பின்னாடி உக்காந்து நீங்க கத்துங்க.