சத்தமில்லாமல் சாவி கொடுக்கும் சக்கரம்

அன்பும் அறிவும் நிறைந்த மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் ஆளுக்கொரு முத்தம், ஒன்று என் கணக்கு, ஒன்று உன் அத்தை கணக்கு. தூங்கும்போது கொடுக்காதே, விழித்திருக்கும்போது கொடு. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். என் இடது கட்டைவிரல் மட்டும் சௌக்கியமில்லை, அதன் சரித்திரம் கீழே வரும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் நான் மட்டும்தான் பேசுவேன். விஞ்ஞான விஷயத்தைக் குறுக்கே பேசுகிறவர்களிடம் விளக்க முடியாது.

போன மாதம் நீ அத்தையிடம் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "பாப்பாவுக்கு ஊசி விழுந்தாக்கூட முழிப்பு வந்துடுது அத்தை, அங்க மாமா கிராமபோனுக்குச் சாவி குடுக்கற சத்தம் வேற. அவ கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருஷம் வர்றோம்" என்றாய். அத்தையும் "அதுக்கென்னம்மா, குழந்தை தூக்கம்தான் முக்கியம்" என்று சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தாள். வைத்துவிட்டு நேரே பீரோவுக்குப் போனாள். பேத்திக்கென்று அவள் தைத்து அடுக்கியிருந்த குட்டி விரிப்பு, குட்டித் தலையணை உறை, பட்டாம்பூச்சி போட்ட குட்டிச் சட்டை எல்லாவற்றையும் எடுத்து, மேல்தட்டில் கம்பளிப் போர்வைக்கு அடியில் வைத்தாள். "அடுத்த வருஷம் இதெல்லாம் அவளுக்குப் பத்தாது" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாகக் காபி குடித்திருப்பேன். திட்டாததால், இந்தக் குடும்பத்தில் மூளை உள்ள ஒரே ஆள் என்ற முறையில், நான் காரியத்தில் இறங்க வேண்டியதாயிற்று.

கிராமபோனையே தூக்கிப் பரணில் போட்டுவிடலாமே என்று சாதாரண மனிதன் நினைப்பான். நான் யோசித்தேன். பாட்டு குழந்தையை எழுப்பாது, தூங்கத்தான் வைக்கும். எழுப்புவது எது? பாட்டு பாதியில் சோர்ந்து போகும்போது நான் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்கிறேனே, அந்தக் கர்ரக் கர்ரக். அதைத்தானே நீ குறை சொன்னாய்? அந்தச் சத்தத்தை மட்டும் ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டால் பேத்தி பாட்டோடு தூங்குவாள், நீ பத்து நாள் இருப்பாய், அத்தை பீரோவைத் திறப்பாள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன் என்று உன் அம்மா, அதாவது என் அக்கா, எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பதை மட்டும் அவள் சொல்வதே இல்லை. இத்தனை வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் செய்தவன் நான். கெட்டுப்போன மெஷின்கள் என் காலடிச் சத்தம் கேட்டதும் தானாக ஓட ஆரம்பித்ததைப் பார்த்த சாட்சிகள் உண்டு, அவர்கள் இப்போது வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள்.

கிராமபோன் பெட்டியைத் திறந்தேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உள்ளே ஒரு தகர டப்பா, அதற்குள் சுருட்டி வைத்த எஃகு ஸ்பிரிங். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு பல்சக்கரம் ஒன்றையொன்று தள்ளி அந்த ஸ்பிரிங்கை இறுக்கும். இறுகினது திரும்ப அவிழாமல் இருக்க, பக்கத்தில் ஒரு இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழுந்து விழுந்து பிடிக்கும். பல்லோடு பல் மோதுவது ஒரு சத்தம், நாக்கு விழுவது இன்னொரு சத்தம். இதைக் கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆகும். எனக்குப் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, ஏனென்றால் தகர டப்பாவின் மூடியைக் கழற்றிய மறுகணமே ஸ்பிரிங் வெளியே வந்து தரிசனம் கொடுத்தது. வந்தது என்றா சொன்னேன்? பாய்ந்தது. ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நாற்காலியைச் சுற்றி, என் காலைத் தேடி வந்தது. அத்தை கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு, "அதைப் பிடிங்க, பிடிங்க!" என்றாள். "நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அது என்னைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று பார்த்தேன்.

ஸ்பிரிங்கை ஒருவழியாக மறுபடி டப்பாவுக்குள் அடைத்த பிறகு, முதல் வைத்தியமாக, இரும்பு நாக்கின் நுனியில் பழைய செருப்புத் தோலை ஒட்டினேன். சத்தம் அப்படியே போய்விட்டது. பிடிப்பும் அப்படியே போய்விட்டது. ஸ்பிரிங் முழுசாக இறுகின நேரம் பார்த்துத் தோல் வழுக்கி, கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று என் கட்டைவிரலில் விழுந்தது. அப்போது நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்தில் கர்ரக் கர்ரக் ஒரு தாலாட்டு. கீழ்வீட்டுக்காரர் தெரியுமல்லவா, எதற்கெடுத்தாலும் உஷ் உஷ் என்பாரே, நாமெல்லாம் உஷ் என்றே பெயர் வைத்திருக்கிறோமே, அவர் படியேறி வந்து, "சார், சத்தத்தைக் குறைக்கறேன்னு சொன்னீங்க, இது எந்த வகையில குறைக்கறது?" என்று கேட்டார். "ஆராய்ச்சின்னா முதல்ல கூடித்தான் அப்புறம் குறையும்" என்று பதில் சொன்னேன். படித்த மனிதர், வந்த வழியே படியிறங்கிவிட்டார். அத்தை மட்டும் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "அடுத்த ஆராய்ச்சிக்குக் கையுறை போட்டுக்குங்க" என்றாள். இரண்டாவது வைத்தியமாகப் பல்சக்கரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிரீஸ் அப்பினேன். அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. சுற்றிய வேகத்தில் கிரீஸ் எங்கெங்கே போனது என்பதை நீ வந்தால் சுவரிலேயே பார்க்கலாம். உன் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்குப் புதிதாக மீசை வந்திருப்பது அதனால்தான், அவருக்கு எடுப்பாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான டிசைன் வேலை ஆரம்பம். பல்சக்கரத்தில் பல்லெல்லாம் நேராக இருப்பதுதான் கோளாறு. ஒரு பல் விட்டபிறகு அடுத்தது வந்து டக்கென்று மோதுகிறது. பல்லைச் சாய்வாக வெட்டினால், ஒன்று விலகி முடிப்பதற்குள் அடுத்தது வந்து பிடித்துக்கொள்ளும். உன் அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்கிற மாதிரி, நடுவில் இடைவெளி என்பதே கிடையாது. படம் வரைந்து எடுத்துக்கொண்டு லேத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கிறவர் எதைக் கொடுத்தாலும் அளந்து பார்த்து "அரை நூல் கம்மியா இருக்கேண்ணே" என்பார் (அங்குலத்தை எட்டாக வெட்டினால் ஒரு நூல்), அதனால் அவருக்கே அரை நூல் என்றுதான் பெயர். சக்கரத்தை இரும்பில் வேண்டாம், துணியை அடுக்கடுக்காகப் பசை போட்டு அழுத்தின கெட்டிப் பலகையில் வெட்டு, இரும்பு இரும்போடு பேசினால்தானே சத்தம் என்றேன். அவர் படத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு சக்கரத்துக்கும் பல்லை ஒரே பக்கமாச் சாய்ச்சிருக்கீங்களே?" என்றார்.

"அழகா இருக்கட்டுமேன்னுதான்" என்றேன்.

"அழகா இருக்கும்ணே, சேராது. ஒண்ணு வலப்பக்கம் சாஞ்சா ஒண்ணு இடப்பக்கம் சாயணும். எதிரும் புதிருமா இருந்தாத்தான் பல்லுல பல்லு உக்காரும்."

"எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுமான்னு பார்த்தேன்."

"அப்ப இந்த ரெண்டாவது சக்கரத்தை மாத்தி வெட்டிடவா?"

"அதைத்தானே நான் வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"

இப்படித்தான் மருமகளே, பக்குவமாக வேலை வாங்க வேண்டும். மாப்பிள்ளையின் ஆபீசில் யாருக்காவது இந்தக் கலை தேவைப்பட்டால் சொல், நான் வந்து சொல்லித் தருகிறேன்.

பல்லின் சத்தம் போயிற்று, நாக்கின் சத்தம் மிச்சம். அதற்கு வழி கிடைத்தது நம் வீட்டுக் கூடத்தில். அத்தை பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலை விரலில் நாலு சுற்றுச் சுற்றி இழுத்தாள், இறுகி நின்றது. மறுபக்கமாக உருட்டினாள், தளர்ந்து கழன்றது. சத்தம்? ஒரு பொட்டுச் சத்தம் இல்லை! நாக்குக்குப் பதிலாக, தண்டின் மேல் ஒரு கம்பிச் சுருளைச் சுற்றி விட்டால் தீர்ந்தது. சாவி கொடுக்கும்போது தளர்ந்து வழிவிடும், திரும்ப நினைத்தால் கழுத்தைப் பிடிக்கும். "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று எழுந்து நின்றேன். "எதை? என் விரலையா?" என்றாள். யோசனை முழுக்க முழுக்க என்னுடையது, விரல் மட்டும்தான் அவளுடையது என்பதை நீ நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை மிகையில்லை. மத்தியானம் மூலை அறையில் உட்கார்ந்து, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாகச் சாவி கொடுத்தேன். வெண்ணெயில் கரண்டி போகிற மாதிரி இருந்தது. அத்தை எங்கேயோ "ஏங்க, ஏங்க" என்றாள், நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. நான் பட்டறைக்குப் போய்விட்டேன் என்று நினைத்து வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்! வீட்டுக்குள்ளேயே இருக்கிற மனுஷனை, கட்டின பெண்டாட்டி, இல்லையென்று முடிவு கட்டிப் பூட்டிக்கொண்டு போகிறாள் என்றால், கண்டுபிடிப்பின் தரம் எப்படிப்பட்டது என்று நீயே எடைபோட்டுக்கொள். ஜன்னல் வழியாகக் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "உஷ்! தூங்கற நேரம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அத்தை திரும்பி வந்து கதவைத் திறந்தால், நான் எதிரே நிற்கிறேன்.

"பூட்டியிருந்துதே, எப்படி உள்ள வந்தீங்க?"

"நான் வெளியவே போகலையே."

"உள்ளயா இருந்தீங்க? இவ்வளவு நேரமா?"

"சாவி குடுத்துக்கிட்டிருந்தேன். கேட்டுதா? கேக்கலை பாத்தியா!" என்று நான் குதிக்கிறேன், அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கவே இல்லைங்க" என்றாள். பிறகு, "கழட்டின பழைய சாமானையெல்லாம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டாள். "குப்பைக்கூடையில போட்டாச்சு. இனிமே அதுக்கு இந்த வீட்ல வேலையில்ல" என்று கம்பீரமாகச் சொன்னேன். அவள் கூடை இருந்த பக்கமாக உள்ளே போய்விட்டாள். ஆச்சரியத்தில் கால் எங்கே போகிறதென்றே தெரியவில்லை, பாவம்.

ஆகவே மருமகளே, இந்த வீட்டில் இப்போது ஊசி விழுந்தால்கூட அந்த ஊசிக்கே கேட்காது. பேத்தியை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வா. நான் நாள் முழுக்கச் சாவி கொடுப்பேன், அவள் இமைகூட அசையாது. அடுத்த வருஷம் என்ற பேச்சு வேண்டாம். பட்டாம்பூச்சிச் சட்டை அதுவரை காத்திருக்காது. அத்தை வாய்விட்டுக் கேட்க மாட்டாள், உனக்கே தெரியும், அதனால்தான் நான் கேட்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடியில்லாமல், நல்ல தூக்கத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும். சொல்லாமல் விட்ட பெருமைகளை நீ வந்து உட்கார்ந்ததும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அருமை மாமா
(சத்தமில்லாச் சாவிச் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டி முடித்து, மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். ஒட்டின கையோடு மாப்பிள்ளை போன் செய்தார். உங்கள் தெருவில் குழாய் பதிக்க மெஷின் வைத்துத் தோண்டினார்களாம், அத்தனை நாளும் பேத்தி அசையாமல் தூங்கினாளாம். வேலை முடிந்து தெரு அமைதியான அன்றிலிருந்து கண்ணையே மூடவில்லையாம். கடைசியில் நீதான் அவளை மடியில் போட்டுக்கொண்டு, வாயாலேயே "கர்ரக் கர்ரக்" என்றாயாமே! உடனே தூங்கிவிட்டாளாமே! "மாமா சாவி குடுக்கற சத்தம் இதுதான்னு சொல்றா மாமா. நாள் பூராச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலிக்குது. ஞாயித்துக்கிழமை அங்கேயே வந்துடலாமான்னு கேக்கறா. அந்தச் சத்தம் இன்னும் இருக்கில்ல?" என்றார். "இருக்கான்னா கேக்கறீங்க! முன்னைவிட ஜாஸ்தியா இருக்கு மாப்பிள்ளை!" என்று சொல்லிவிட்டு, குப்பைக்கூடையைக் கவிழ்த்தால் காலி. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அத்தை பீரோ மேல்தட்டிலிருந்து குட்டித் துணிகளை இறக்கினாள். நடுவில் ஒரு தலையணை உறைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறாள், பழைய சக்கரம் இரண்டும், அந்த இரும்பு நாக்கும்! "அது இல்லாம நீங்க வீட்டுல இருக்கீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியலைங்க. ஒரு தடவை பூட்டினது போதும்" என்றாள். நல்லவேளையாக, அவள் எடுக்கட்டும் என்றுதான் நான் அதைச் சுத்தமான கூடையாகப் பார்த்துப் போட்டிருந்தேன். மறுபடி மாட்டியாகிவிட்டது, தெரு முனை வரை கேட்கிறது, கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்துவிட்டுப் போய்விட்டார். சத்தமில்லாத சக்கரம் வீணாக வேண்டாமே, உன் அத்தையின் தையல் மெஷினில் பொருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம், அது சத்தம் போட்டாத்தான் நான் இருக்கறது உங்களுக்குத் தெரியும்" என்கிறாள். அதனால் மேலே எழுதியிருக்கும் பக்கங்கள் முழுவதையும் அடித்துவிடு. "வா" என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் அடிக்காதே.