முசே கொடுத்த வில்

முதலில் வாயைத் திறப்பவன் நானாக இருக்கக் கூடாது. கார்த்திகை முதல் தேதி, பல் துலக்கிக்கொண்டே இந்த மகத்தான முடிவுக்கு வந்தேன். என் மனைவி அமிர்தவல்லி முந்தின நாள் சாயங்காலமே இதே முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள். எதிலும் அவள் என்னைவிட ஒரு நாள் முந்தி.

காரணம் ஒரு வில்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறின மறு வருஷம் அது. நான் குமாஸ்தா வேலை பார்த்த பூரோவில் பெரிய உத்தியோகத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை, எங்கள் வாயில் முசே, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார். புறப்படுமுன் குமாஸ்தாக்களை வீட்டுக்கு அழைத்து, வேண்டியதை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். அமிர்தம் காலையிலேயே பாடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: நிலைக்கண்ணாடி வைத்த பீரோ. என் முறை வந்தபோது முசேயின் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து பீரோ கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. "உங்க ஞாபகமா எது குடுத்தாலும் சரி, முசே" என்றேன். மனுஷர் நெகிழ்ந்துபோய், சின்ன வயசில் தான் எய்த மரவில்லை என் கையில் கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற கிருஷ்ணசாமி கூச்சமே இல்லாமல் பீரோவைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கட்டை வண்டியில் பீரோ வரும் என்று வாசலில் இடம் பண்ணி நின்றிருந்தாள் அமிர்தம். நான் தோளில் வில்லோடு நடந்து வந்தேன்.

"பீரோ?"

"அது வந்து..."

"பரவால்ல. நாளையிலேந்து என் பொடவைய எல்லாம் இதுல மாட்டிக்கறேன்."

அதுதான் கடைசிப் பேச்சு.

எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒரே மகள் வசந்தாவைப் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்து, போன வருஷம் மார்செய்க்குக் கப்பலேற்றி அனுப்பினோம். மிச்சமிருந்த இரண்டு பேரில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவருக்கு என்ன இருக்கிறது? முத்தியால்பேட்டையில், பக்கத்து வீட்டு அம்மிச் சத்தம் என் வீட்டுச் சத்தம்போலக் கேட்கிற அத்தனை நெருக்கமான தெருவில், நான் தனியாக இருந்தேன்.

அமிர்தம் ஒரேயடியாகப் பேசாமல் இல்லை. அடுப்போடு பேசினாள். "சோறு வெந்துடுச்சு. பசிக்கறவங்க வந்து உக்காரலாம்" என்று அடுப்பிடம் சொல்வாள். நான் வில்லைப் பார்த்து, "ரசத்துல உப்பு கம்மி" என்பேன். உப்பு ஜாடி என் பக்கம் நகர்ந்து வரும். இதெல்லாம் பேச்சில் சேராது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் வசந்தாவின் கடிதம் வந்தது. நான் பூரோவில் இருந்த நேரம். தபால்காரர் அமிர்தத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் அவள் இடுப்பில் நீலக் கவரின் முனை தெரிந்தது. எனக்குள் ஒரே கும்மாளம். அமிர்தத்துக்குப் படிக்கத் தெரியாது. மகள் எழுதியதை மூன்றாம் மனுஷரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் மாட்டாள். என்னிடம்தான் வந்தாக வேண்டும். வந்து "படிங்க" என்று வாயைத் திறந்தாக வேண்டும். ஜெயம் எனக்கே.

அதுவரை அந்தக் கடிதத்தில் எனக்கு அக்கறையே இல்லை என்று காட்டிக்கொள்ள ஒரு வேலை தேவைப்பட்டது. வில்லைப் புதுப்பிப்பது என்று தீர்மானித்தேன்.

அது விசித்திரமான வில். இரண்டு முனையும் கோபித்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பழைய பூச்சு கறுத்து, வெடித்துக் கிடந்தது. தச்சர் கண்ணையனிடம் யோசனை கேட்டேன்.

"பழைய பூச்ச கண்ணாடிச் சில்லால வழிச்சிடுங்க. உப்புத்தாள் போட்டுத் தேயுங்க. அப்பறம் அவலரக்க ஸ்பிரிட்டுல ஊறவெச்சி, பஞ்ச மெத்துன்னு துணியில பொதிஞ்சி, வட்டம் வட்டமா பூசணும். அவசரப்பட்டீங்க, கெட்டுது."

எனக்கு என்ன அவசரம்? பேச ஆளில்லாதவனுக்குச் சாயங்காலம் மிக நீளம். தினமும் வழித்தேன், தேய்த்தேன். கண் மட்டும் அமிர்தத்தின் இடுப்பைவிட்டு நகரவில்லை. அவள் குளிக்கப் போனால் கவர் அரிசிப் பானைக்குள் போகும். வந்ததும் இடுப்புக்குத் திரும்பும். உள்ளே என் குழந்தை என்ன சொல்லியிருக்கிறாளோ என்று நினைத்தால் உப்புத்தாள் பாதியில் நின்றுவிடும். ஆனாலும் தேய்த்தேன்.

அரக்கு பூசிய அன்றே அடைமழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் பூச்சு வெளுத்து, வில் உடம்பெல்லாம் விபூதி பூசிக்கொண்டு நின்றது. துடைத்து மறுபடி பூசினேன். மறுபடி வெளுத்தது. மறுநாள் பார்த்தால் வில் அடுப்பங்கரையில், சூடு படும்படி ஓர் ஓரமாகச் சாத்தப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று வில்லைக் கேட்டேன். அது சொல்லவில்லை.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் அடித்தது. தோட்டத்தில் வில் தேன் நிறத்தில் மின்னியது. கயிறு வாங்கி வந்து நாண் ஏற்றப் பார்த்தேன். வில் எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ அந்தப் பக்கமே வைத்து இழுத்தேன். அது முறுக்கிக்கொண்டு திரும்பி என் முழங்காலில் ஒன்று வைத்தது.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் கட்டைச் சுவருக்கு மேல் தலை நீட்டினாள்.

"என்னா தம்பி, வில்லு அடிக்குதா?"

"சும்மா வெளையாட்டுதான்க்கா."

உள்ளிருந்து அமிர்தத்தின் குரல் வந்தது, குஞ்சம்மாளின் விலாசத்துக்கு. "அக்கா, அத எதிர்ப்பக்கமா வளைக்கணும்னு சொல்லுங்க. மொனையில கயிறு தேஞ்ச தடம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாக்கறதில்லயா?"

பார்த்தேன். இருந்தது. கீறல் என்று நினைத்து மூன்று நாள் உப்புத்தாள் போட்டது அந்தத் தடத்தின்மேல்தான்.

"நானே பாத்துக்கறேன்னு சொல்லுங்கக்கா."

"பாத்துக்கறாராம் அமிர்தம்."

"தனியா ஆவாதுக்கா. ஒருத்தர் வளைக்கணும், ஒருத்தர் கயிறு மாட்டணும். ரெண்டு ஆளு வேணும்னு சொல்லுங்க."

"ரெண்டு ஆளு வேணுமாம் தம்பி."

"இந்த வீட்ல ஒரு ஆளுதான் இருக்குன்னு சொல்லுங்க."

குஞ்சம்மாள் அதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

வில்லைச் சுவரில் சாத்திவிட்டு, மேல்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கிளை உரசும் சத்தம். துண்டை எடுத்துப் பார்த்தால் அமிர்தம் முருங்கை மரத்தடியில் நிற்கிறாள். கையில் என் வில். வளைந்த முனையைக் கிளையில் மாட்டி, துரட்டியால் இழுப்பதுபோல இழுக்கிறாள்.

"அமிர்தம், வைடி அத! பூச்சு உரிஞ்சிடும்."

அவள் நிதானமாக வில்லை இறக்கினாள்.

"அக்கா, கேட்டீங்களா?"

"கேட்டேன் கேட்டேன்" என்றது சுவருக்கு அந்தப்புறம்.

போயிற்று. இருபது நாள் விரதம் போயிற்று. "என்ன பண்ற நீ?" என்றேன் பரிதாபமாக.

"சாம்பாருக்கு முருங்கக்கா பறிக்கறேங்க."

"வில்லாலயா?"

"பின்ன? பீரோவால பறிக்க முடியுமா?" என்றாள். சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து கவரை எடுத்து நீட்டினாள். "படிங்க. பதினோரு நாளா வயித்துல நெருப்பு மாதிரி வெச்சிருக்கேன்."

படித்தேன். அங்கே குளிராம். அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டால் சாயங்காலம்வரை தமிழில் பேச ஒரு ஜீவன் கிடையாதாம். 'சுவரோடு பேசுகிறேன் அப்பா. நீங்களும் அம்மாவும் இந்நேரம் என்ன பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வேன்' என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தை மடித்தேன். அமிர்தம் அடுப்பையும் பார்க்கவில்லை, வில்லையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இன்னொருவாட்டி படிங்க."

மூன்று தடவை படித்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் புடிங்க" என்றாள். நான் எதிர்ப்பக்கமாக வளைத்தேன். அவள் கயிற்றை மாட்டினாள். ஒரே தடவையில் நாண் ஏறி நின்றது.

அவள் உலை வைக்க உள்ளே போனாள். தோற்றவன் பெருந்தன்மையோடாவது தோற்க வேண்டாமா? சாம்பாருக்குக் காய் பறித்துக் கொடுப்போம் என்று வில்லோடு மரத்தடிக்குப் போய் அண்ணாந்தேன்.

கார்த்திகை மழையில் பூவெல்லாம் கொட்டிப்போன அந்த மரத்தில் ஒரு காய்கூட இல்லை.