ரசமட்டம் சாரும் கத்திப் பட்டையும்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்குள் கடவுளே வந்து ஓர் ஆணி அடிக்க நினைத்தாலும், முதலில் ரசமட்டம் சாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காமல் அடித்தால், பிடுங்கச் சொல்லி மறுபடியும் அடிக்க வைப்பார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. அது கூரியர்காரர்களுக்கு மட்டும் தெரியும். நாகர்கோவில்காரர். அரசாங்கக் கட்டடங்களைக் கட்டுகிற அலுவலகம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகியிருப்பது போல அவர் ஒரு குட்டி ரசமட்டம் வைத்திருப்பார். சுவர் கோணலா நேரா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைப்பார்களே, நடுவில் குமிழி ஓடுமே, அதுதான். ஒரு கல்யாண ரிசப்ஷனில் மணமக்களை வாழ்த்த மேடையேறியவர், அதை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். "மாப்பிள்ள பக்கம் சரிவா இருக்கு. பாத்து நில்லுங்க" என்று ஆசீர்வதித்துவிட்டு இறங்கினார்.

கீழ்வீட்டில் புதிதாகச் சாமி படம் மாட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முகம் சுளித்தார்.

"பெருமாள் என்ன ஒரு பக்கமா சாஞ்சிருக்காரு?"

"சார், அது பள்ளிகொண்ட பெருமாள்."

"அவரு படுக்கட்டும். பிரேம் எதுக்குப் படுக்கணும்?"

இப்படிப்பட்டவரிடம் எங்கள் வீட்டுக் கத்திகள் மாட்டிக்கொண்ட கதை இது.

எங்கள் கத்திகள் ஒரு டிராயருக்குள் கரண்டிகளோடு கூட்டுக் குடித்தனம் நடத்திவந்தன. லோதி ரோடு ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலை பார்க்காமல் கையை விட்டேன். கட்டைவிரல் கிழிந்தது. பீன்ஸ் பாதியில் நின்றது. மெட்ரோவில் போகும்போதுகூடக் கட்டோடு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஏதோ வாக்களித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அன்றே என் கணவர் சேகர் ஆன்லைனில் ஒரு காந்தப் பட்டை ஆர்டர் செய்தார். சுவரில் மாட்டிவிட்டால் கத்திகள் தானாக வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். "ரெண்டு ஸ்க்ரூ. காபி ஆறதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றார்.

முடித்திருப்பார். ஆனால் நண்பர் வீட்டிலிருந்து டிரில் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார் பாருங்கள், உள்ளே ரசமட்டம் சார் நின்றுகொண்டிருந்தார்.

காபி ஆறிப்போனது. அவர் எங்கள் சமையலறைக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விபத்து நடந்த இடத்துக்கு வந்த விசாரணை அதிகாரி போல நடந்தார்.

"எங்க மாட்டுததா உத்தேசம்?"

சேகர் அடுப்புக்கு மேலே காட்டினார்.

"கொழம்பு கொதிக்கைல கத்தி விழுந்தா? முருங்கைக்காய்னு நெனச்சு எடுத்துக் கடிப்பியளா?"

சேகர் விரலைத் தொட்டிப் பக்கம் நகர்த்தினார்.

"கை முழுக்க சோப்பு நொரை. வழுக்குனா நேரா காலு. பூட்ஸ் போட்டா பாத்திரம் தேய்க்குதிய?"

வாசலை ஒட்டிய சுவர் என்றேன் நான். வருகிறவர்கள் எல்லாம் தோளில் கீறல் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்றார் சார். பிரிட்ஜ் பக்கம் என்றார் சேகர். சார் பிரிட்ஜ் கதவைத் திறந்து அந்தச் சுவரில் இடித்துக் காட்டினார். பிறகு ஒரு மூலையில் போய் நின்றுகொண்டார்.

"எம்மா, நீங்க சமைங்க. நான் பாக்கணும்."

என் சமையலை இவ்வளவு உன்னிப்பாக இதுவரை யாரும் பார்த்ததில்லை, என் மாமியார் உட்பட. நான் நின்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். அவியல் முடிவதற்குள் தரை பாண்டி ஆடுகிற இடம் போல ஆகிவிட்டது. அந்த அவியலையும் அவரேதான் பரிசோதித்தார், இரண்டாம் முறை கேட்டு வாங்கி.

"கத்திய எடுக்கது எடது கை. நறுக்கது வலது கை. ஒரு ஃபைல ரெண்டு செக்ஷன் பாக்குத மாதிரில்லா இருக்கு! அதான் வெட்டுப்பட்டுச்சு. பட்டை ஒங்க எடது பக்கத்துச் சுவத்துலதான் வரணும்."

உடனே மாட்டினாரா? இல்லை. அட்டையில் கத்திகள் வெட்டி அந்தச் சுவரில் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டு, "ஒரு வாரம் ஒத்திகை பாருங்க" என்று போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் நான் சுவரிலிருந்து அட்டைக் கத்தியை எடுத்து, கீழே வைத்துவிட்டு, டிராயரிலிருந்து நிஜக் கத்தியை எடுத்து நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை டிரில்லோடு வந்தார். பட்டையை வைத்து ரசமட்டத்தைப் பிடித்தார். குமிழி நடுவில் நின்றது.

"பாத்தியளா, கொமரியம்மன் மூக்குத்தி மாதிரி நின்னு ஜொலிக்கி!"

சுவரைத் தட்டிப் பார்த்த சேகர், "சார், மெல்லிசா இருக்கிற மாதிரி..." என்று இழுத்தார்.

"தம்பி, இது ஒம்பது இஞ்ச் செவுரு. யானையக் கட்டலாம்."

டிரில் சீறியது. செங்கல் தூள் கொட்டியது. திடீரென்று சத்தம் மாறி, அவரே ஓர் அடி முன்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அலறல்: "ஹாய் ரப்பா!"

அது பக்கத்து வீட்டுப் பஞ்சாபி, பம்மி ஆன்ட்டியின் சமையலறை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவரின் தட்டில் செங்கல் பொடி மழை. ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

"கௌன் ஹை?" யாரது என்று கேட்டது கண்.

ரசமட்டம் சார் ஓட்டையருகே குனிந்தார். "பெஹன்ஜி, ஹம் ஹை." நான்தான் என்றார்.

"ஹம் கௌன்?" நான் என்றால் யார் என்றது கண்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ரசமட்டம்" என்றார்.

நாங்கள் வைத்த அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. டிரில்லைக் கீழே வைத்தார். "நாலரை இஞ்ச்தான். எனக்கே தெரியலயே" என்றார். காபி குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பார்க்கில் எங்களைப் பார்த்தால் வேறு பாதையில் திரும்பினார். ஒருநாள் தண்ணீர் வராது என்ற நோட்டீஸை லிஃப்டில் கன்னாபின்னாவென்று கோணலாக ஒட்டியிருந்தார்கள். அவர் அதன் எதிரில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

இனிப்பு டப்பாவோடு பம்மி ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்குக் கோபமே இல்லை. ஓட்டையில் விரலை விட்டுக் காட்டி, "ரஸ்மட்டம்ஜி கஹாங் ஹை?" எங்கே அவர் என்று மட்டும் கேட்டார். அதுதான் அவருடைய நிஜப் பெயர் என்றே ஆன்ட்டி நம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மாவுக் கையோடு ஆன்ட்டி நேராகச் சார் வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஆதா காம் சோட்கே பாக் கயே?" வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டீர்களா என்று ஆன்ட்டி அதட்டினார்.

"பெஹன்ஜி, தீவார் பத்லா ஹை... மேரா கல்தி..." என்று தன் தப்பை ஒத்துக்கொண்டார் சார்.

சுவர் மெல்லியதாக இருந்தால் என்ன, என் பக்கமும் ஒரு பட்டை மாட்டுங்கள், ஜல்தி என்றார் ஆன்ட்டி.

ரசமட்டம் சாரின் கண்கள் எங்கோ போயின. "ஒரே போல்ட்டு" என்று முணுமுணுத்தார். "ரெண்டு பக்கமும் நட்டு." கருவிப் பை தோளில் ஏறிவிட்டது.

மறுபடியும் சாக்பீஸ், மறுபடியும் ஒத்திகை, இம்முறை இரண்டு சமையலறைகளில். ஆன்ட்டி நல்ல உயரம். நான் ஸ்டூல் போட்டு ஏலக்காய் எடுக்கிறவள். ஓட்டை வழியாகவே பேச்சுவார்த்தை நடந்தது. ஆன்ட்டி மேலே என்றார், நான் கீழே என்றேன். கடைசியில் சார் ஓட்டையில் வாயை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "பெஹன்ஜி, தோடா ஜுக்கியே. தமிழ்நாடு சோட்டா ஹை." கொஞ்சம் குனியுங்கள், தமிழ்நாடு குட்டை.

பஞ்சாப் குனிந்து கொடுத்தது.

இப்போது ஆன்ட்டி தன் பக்கம் கத்தியை எடுத்தால் என் பக்கம் 'டிங்' என்று அதிர்கிறது. சார் வாராவாரம் வந்து நட்டை முடுக்குகிறார். இரண்டு வீட்டிலும் காபி குடிக்கிறார். இரண்டு வீட்டிலும் காய் நறுக்குகிற விதத்தைக் குறை சொல்கிறார்.

போன மாதம் சார் புனேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு சாயங்காலம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பால்கனியிலிருந்து ஆன்ட்டி, "ரஸ்மட்டம்ஜி கப் ஆயேங்கே?" எப்போது வருவார் என்று கேட்டார்.

"பர்ஸோங்" என்றேன். நாளை மறுநாள். யோசிக்காமல் வந்த அந்தப் பதிலைக் கேட்டு ஆன்ட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.