சீப்பு ஜெல்லியும் இருபத்திரண்டு பெயர்களும்

உயிர்களை முறையாக வகை பிரித்த மேதைகள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் யாரோ வெள்ளைக்காரர். மற்றவர் நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் தலைமை கிளார்க் கொர்னேலியஸ்.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய் ஃபேக்டரி பூட்டப்பட்டதும், நிர்வாகம் இலை வாட்டும் மாடியை வாடகைக்கு விட்டது. முதலில் வந்து இறங்கியது, ‘விலங்குகளில் சீப்பு ஜெல்லியின் இடம் எது?’ என்ற மூன்று நாள் மாநாடு. கடல் பிராணியைப் பற்றி நடுநிலையோடு பேச, கடலே தெரியாத மலைதானே தோது? கொர்னேலியஸ் ‘உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்’ ஆனார். கழுத்தில் அட்டை வேறு.

பேராசிரியர் வசந்தகுமார் முழங்கினார். பார்க்க ஒன்றுபோல இருக்கிறது என்று இந்தக் கண்ணாடிப் பிராணியை இத்தனை காலம் ஜெல்லிமீனோடு சேர்த்து வைத்தது அநியாயமாம். மரபணுப்படி, விலங்குக் குடும்பத்திலிருந்து முதலில் தனிக்குடித்தனம் போனதே இதுதானாம். இல்லவே இல்லை, கடற்பஞ்சுதான் என்று எதிர்க்கட்சி மேசையைத் தட்டியது. “பேரையும் தோற்றத்தையும் நம்பாதீர்கள். உள்ளே பாருங்கள்” என்றார் பேராசிரியர்.

டீ கொடுக்க வந்த சின்னம்மை தட்டோடு நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள். தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சங்கடமே வேண்டாம் என்று கொர்னேலியஸ் டிசம்பர்தோறும் அவளை நீக்கி, ஜனவரியில் புதுப் பெயரில் சேர்த்துவிடுவார். முதல் வருஷம் மட்டும் சொந்தப் பெயர்; பிறகு ரஞ்சனி, ஜீவிதா, தபித்தாள் எல்லாம் ஆகி, இந்த வருஷம் அவள் ஜெஸிந்தா. இப்போது ‘தற்காலிகங்கள்’ எல்லாரும் மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

“இலங்கையிலிருந்து கப்பல்ல வந்தப்பகூட எனக்கு ஒரே பேருதாங்க சார். செக்ரோல் பதிவேட்டுல இருக்கிற இருபத்திரண்டு பேரும் நான்தான். என்னையும் உள்ளார பாத்துச் சொல்லுங்க.”

பேராசிரியருக்கு ஒரே குஷி. பதிவேடுகளை வரவழைத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எல்லாப் பெயருக்கும் எதிரே அதே கட்டைவிரல் ரேகை, குறுக்கே அதே வெட்டுத் தழும்பு. ஜெல்லிக் கட்சியும் கடற்பஞ்சுக் கட்சியும் மூன்று நாளில் முதல்முறையாகக் கைகோத்தன. இருபத்திரண்டும் ஒரே உயிர் என்று தீர்மானம் நிறைவேறியது.

சின்னம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப வீடு எனக்குத்தானுங்களே, கிளாக்கரய்யா?”

அறிவியல் சொன்னால் கொர்னேலியஸுக்கு மறுபேச்சு ஏது? அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினார். இருபத்தொரு பொய்ப் பெயர்களில் நிர்வாகத்தை ஏமாற்றி வேலை பார்த்த ஆள்மாறாட்டக் குற்றம். வீட்டை இன்றே காலி செய்யவும். இணைப்பு: மாநாட்டுத் தீர்மானம். சாட்சி என்ற இடத்தில், அத்தனை பெயரையும் சூட்டிய அந்த மகான், தமக்கிருக்கும் ஒரே பெயரை அழகாக எழுதினார்.